பழுதில்லாத மைக்செட்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அடையாள அட்டையைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதில்லை. எல்லாருக்கும் அவர் ஹலோ. இருபத்தாறு வருஷமாக எந்தக் கூட்டமானாலும் மேடையில் முதலில் ஏறி, மைக்கை விரலால் இரண்டு தட்டு தட்டி, "ஹலோ, ஹலோ" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போகிற மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவது? அந்த ஒரு வார்த்தைக்கு மேல் அவர் மைக்கில் பேசி யாரும் கேட்டதில்லை. பேசுவதற்குத்தான் ஆளுக்குப் பஞ்சமே இல்லையே.

பஸ் நிலையத்துக்குப் பின்பக்கச் சந்தில் அவருடைய கடை. ஷட்டரைத் தூக்கினால் இடது பக்கம் ஒயர்க் கட்டுகள், ஒவ்வொன்றிலும் எத்தனை அடி என்று துணிப்பட்டையில் எழுதிக் கட்டியது. வலது பக்கம் ஆம்ப்ளிபயர்கள், தூசி படாமல் பழைய தலையணை உறை போட்டு மூடியவை. நடுவில் குழாய் ஸ்பீக்கர்கள், ஒன்றின் வாய்க்குள் ஒன்றாக அடுக்கியது. காலையில் அந்தச் செட் ஆளுங்கட்சிக்குப் போகும், மாலையில் எதிர்க்கட்சிக்குப் போகும். காலையில் ஒருத்தர் யாரையோ திருடன் என்று திட்டிய அதே மைக்கில், மாலையில் அந்த யாரோ வந்து, "நான் திருடன்னா நீ யாரு?" என்று கேட்பார். நடுவில் ஹலோ மைக்கைத் துணியால் துடைத்து வைப்பார். அவருடைய அரசியல் அவ்வளவுதான்.

"ஊருக்கெல்லாம் சத்தத்த வாடகைக்கு விட்டுட்டு வீட்டுக்கு வர்றப்ப காலி டப்பாவா வர்றாரு" என்பாள் அவர் மனைவி. அவர் அதற்கும் பதில் சொல்ல மாட்டார். வம்பை விலைக்கு வாங்காத மனிதர். போலீஸ்காரர் கையைக் காட்டினால் வண்டியை விட்டு இறங்கி நிற்பார். எதிரே வருகிறவன் தப்பான பக்கத்தில் வந்தாலும் அவர்தான் ஓரம் ஒதுங்குவார்.

ஆனால் செட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள், அப்போது தெரியும் அந்த மனிதருக்கு எவ்வளவு நீளமான நாக்கு என்று. ஒவ்வொரு கூட்டத்திலும் பேச்சு தொடங்கி ஐந்தாவது நிமிஷம் அவர் நடந்து போய்க் கடைசி வரிசைக்குப் பின்னால் நிற்பார். கண்ணை மூடிக் கேட்பார். திரும்பி வந்து குமிழை ஒரு மயிரிழை திருப்புவார். "கடைசி வரிசைக்குக் கேக்கலன்னா அது கூட்டமில்ல, குடும்பப் பேச்சு" என்பது அவர் வாக்கு. மூன்று வருஷத்துக்கு முன்பு ஓர் அமைச்சரின் கூட்டத்தில் மைக் ஊளையிட்டது. அது யாரோ வெளியூர்க்காரரின் செட். ஆனாலும் கெட்ட பேர் என்னவோ இவருக்குத்தான் வந்தது. அதைக் கேட்ட இடத்திலெல்லாம் நின்று, அன்றைக்குத் தான் வேறு ஊரில் கல்யாணத்தில் இருந்ததை விளக்கிக்கொண்டே இருந்தார். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு, அந்தப் பக்கம் போய்ச் சிரித்தார்கள்.

அவருக்கு ஒரே தங்கை. பன்னிரண்டு வயது சின்னவள். அப்பா அம்மா போன பிறகு அவர்தான் அவளைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்கும், பின்பு நர்சு படிப்புக்கும் கொண்டுபோய் விட்டவர். அரசு மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளுக்கான வார்டில் அவளுக்கு வேலை. நூல் மாதிரி இருக்கிற நரம்பைக் கண்ணால் தேடாமல் விரல் நுனியால் தேடி, ஒரே குத்தில் ஊசி ஏற்றிவிடுவாள். மற்ற வார்டிலிருந்தெல்லாம் அவளைக் கூப்பிட ஆள் வரும். அவளைப் பற்றிப் பேசும்போது ஹலோவுக்குக் குரலே மாறிவிடும். செட்டுக்கு அடுத்து அவர் பெருமைப்பட்டது அவளைப் பற்றித்தான். செட்டுக்கு அடுத்து என்று நான் சொல்வது தப்பில்லை என்பது போகப் போகத் தெரியும்.

அந்த வார்டில் குழந்தைகளுக்குச் சூடு கொடுக்கிற விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்து போயின. நர்சுகள் எழுதிக் கொடுத்தார்கள். மறுபடி எழுதிக் கொடுத்தார்கள். எழுதிக் கொடுத்த காகிதமெல்லாம் ஏதோ ஒரு மேஜையில் சுகமாகத் தூங்கியது. பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துணியில் சுற்றிக் குழந்தைகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு குழந்தைகள் இறந்தன. வார்டின் மூத்த நர்சு ஒரு பத்திரிகைக்காரரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டாள். மறுநாள் காலை செய்தி வந்தது. மாலை போலீஸ் வந்தது. வதந்தி பரப்பினாள் என்று வழக்குப் போட்டு அவளைப் பிடித்துக்கொண்டு போனது. விளக்கை மாற்ற ஒரு மாசத்தில் வராத வேகம், வாயை அடைக்க ஒரே நாளில் வந்துவிட்டது.

மூத்த நர்சை விடச் சொல்லி மற்றவர்கள் சுகாதார அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்தார்கள். வேலை நேரம் முடிந்தவர்கள் மட்டும் வந்து உட்காருவார்கள், வேலை நேரம் வந்ததும் எழுந்து போவார்கள். நோயாளி ஒருத்தருக்கும் குறை வைக்கவில்லை. கல் இல்லை, கொடி இல்லை, கெட்ட வார்த்தை ஒன்று இல்லை. ஒவ்வொருத்தியாக எழுந்து மைக்கின் முன்னால் வந்து, தாங்கள் எழுதிக் கொடுத்த கடிதங்களில் ஒன்றைத் தேதியோடு வாசித்துவிட்டுப் போய் உட்காருவாள். அவ்வளவுதான் போராட்டம். அந்தக் கட்டடத்துக்குள் இருந்தவர்களுக்கு அது கல்லை விட வலித்திருக்க வேண்டும். ஏனென்றால் அந்தக் கடிதங்கள் போய்ச் சேர்ந்த மேஜைகள் அங்கேதான் இருந்தன.

மைக்செட் ஹலோவுடையது. தங்கை கேட்டாள், அவர் கொண்டுவந்து போட்டார். போலீஸ் அனுமதிக் கடிதம் முறைப்படி வாங்கியிருந்தார்கள், மாலை ஐந்து மணி வரை. இரண்டு பக்கக் கம்பங்களில் இரண்டு குழாய்கள், கூட்டத்தைப் பார்த்து. அவர் காதுக்கென்று ஆம்ப்ளிபயர் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி ஸ்பீக்கர். இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் மதியம் மூன்று மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார்.

வந்தவர் கத்தவில்லை. ஹலோவின் நாற்காலியிலேயே உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"என்ன ஹலோ, செட்டு நல்லாப் பாடுது."

"ஆமாங்கய்யா."

"உள்ள வேலையே பாக்க முடியலயாம். அந்த ரெண்டு குழாயயும் நிறுத்திரு."

"அய்யா, பர்மிஷன் அஞ்சு மணி வரைக்கும்..."

"பர்மிஷன் குடுத்தது யாரு?"

"நீங்கதாங்கய்யா."

"அப்புறம் என்ன?"

 "மைக் கெடக்கட்டும், பெட்டி கெடக்கட்டும். குழாய் மட்டும் வேணாம்" என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் எழுந்து போனார். குழாயைக் கம்பத்திலிருந்து இறக்கத் தேவையில்லை. ஆம்ப்ளிபயரின் முதுகில் இரண்டு ஒயர்கள். ஹலோ குனிந்து இரண்டையும் உருவினார். கடிதம் வாசித்துக்கொண்டிருந்தவளின் குரல் பாதியில் நின்றது. மேலே குழாய்கள் இருந்தபடியே இருந்தன, வாயைத் திறந்துகொண்டு.

தங்கை எழுந்து வந்தாள். கையில் கடிதங்கள் இருந்த கோப்பு.

"என்னண்ணே, சத்தத்தயே காணோம்?"

சொல்லியிருக்கலாம். இன்ஸ்பெக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார் என்று மூன்றே வார்த்தை. சொன்னால் அவள் சும்மா விடமாட்டாள், நேரே அவரிடம் போவாள், அனுமதிக் கடிதத்தை எடுத்து நீட்டுவாள், நியாயம் கேட்பாள். அப்போது இன்ஸ்பெக்டரின் பார்வை ஹலோவின் மேல் திரும்பும். 

"லைன்ல ஏதோ பழுதும்மா. பாத்துட்டுப் போடறேன்."

"சீக்கிரம் பாருண்ணே. அடுத்து நான்தான் வாசிக்கணும்."

அவள் போய், மைக் பழுதாம், அண்ணன் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று சொன்னாள். அது வரிசை வரிசையாகப் பின்னால் போனது. மைக் பழுது, மைக் பழுது. யாரும் கோபப்படவில்லை. ஹலோ அண்ணன் செட், இப்போது சரியாகிவிடும் என்று உட்கார்ந்து அவர்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி தண்ணீர் பாட்டிலைச் சுற்றுக்கு விட்டாள்.

நான்கு மணிக்கு இரண்டு வண்டி நிறையப் போலீஸ் வந்து இறங்கியது. இன்ஸ்பெக்டருக்கும் மேலான பெரிய அதிகாரி ஒருவர் நேரே ஆம்ப்ளிபயரிடம் வந்தார். மைக் கேட்டார். ஹலோ அதைத் துணியால் துடைத்துக் கொடுத்தார். பழக்கம், கை தானாகச் செய்தது. பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் வீடியோ கேமராவோடு நின்றார். அதிகாரி கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு காகிதத்தைப் பார்த்து, இது சட்டவிரோதமான கூட்டம், ஐந்து நிமிஷத்தில் கலைந்து போக வேண்டும், இல்லாவிட்டால் பலப்பிரயோகம் செய்யப்படும் என்று மூன்று தடவை வாசித்தார். சின்னப் பெட்டியில் அது கணீரென்று கேட்டது. கேமராவுக்கும் கேட்டது. ஐம்பதடி தள்ளித் தெருச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்திருந்தவர்களுக்கு, யாரோ ஒரு பெரிய மனிதர் மைக்கைச் சோதித்துக்கொண்டிருப்பதாகத்தான் பட்டிருக்கும். அவர்களுக்கு அவர் முதுகுதான் தெரிந்தது.

"வேலை செய்யுதாய்யா இது?" என்றார் அதிகாரி, மைக்கைத் திருப்பிக் கொடுத்தபடி.

"தெளிவாக் கேக்குதுங்கய்யா" என்றார் ஹலோ.

ஐந்து நிமிஷம் என்றவர்கள் மூன்றுகூடப் பொறுக்கவில்லை. உட்கார்ந்திருந்தவர்களை உட்கார்ந்தபடியே அடித்தார்கள். எழுந்தவர்களை எழுந்ததற்காக அடித்தார்கள். ஓடியவர்களை ஓடியதற்காக அடித்தார்கள். வெள்ளைச் சீருடையில் வேலை முடிந்து நேரே வந்தவர்கள் பலர்; ரத்தம் எங்கே என்று தேட வேண்டிய வேலை யாருக்கும் இல்லை. தங்கை கோப்பைத் தலைக்கு மேல் பிடித்தாள். லத்தி கோப்பில் விழவில்லை, அதைப் பிடித்திருந்த வலது மணிக்கட்டில் விழுந்தது. கடிதங்கள் தரையில் கொட்டின. அதைப் பொறுக்கக் குனிந்தவளை இன்னொருத்தர் முதுகில் அடித்தார்.

ஹலோ இதில் பாதியைத்தான் பார்த்தார். முதல் அடி விழுந்த உடனே அவர் ஆம்ப்ளிபயரின் மேல் கவிழ்ந்து, அதைக் கட்டிப் பிடித்துப் படுத்துக்கொண்டார். யாரும் அவரைத் தொடவில்லை. எல்லாம் முடிந்ததும் இன்ஸ்பெக்டர் வந்து, "பொருள எடுத்துட்டுக் கெளம்பு" என்றார். செட்டில் ஒரு கீறல் இல்லை. நல்ல அண்ணன்.

நர்சுகளைக் கொண்டுபோனது அவர்களுடைய மருத்துவமனைக்கேதான். தங்கையின் மணிக்கட்டில் தகடு வைத்து இரண்டு திருகாணி போட்டார்கள். கட்டைப் பிரித்த பிறகு கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொட மறுத்தன. டம்ளரைப் பிடிக்கலாம், சீப்பைப் பிடிக்கலாம். ஊசியைப் பிடிக்க முடியாது.

பதினான்கு பேர் மீது வழக்கு, பதினான்கு பேருக்கும் வேலை நிறுத்தி வைப்பு. பத்திரிகைகள் கொஞ்சம் சத்தம் போட்டன. அதனால் ஒரு விசாரணைக் கமிஷன் போட்டார்கள். கமிஷன் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. அடிப்பதற்கு முன்னால் கலைந்து போகச் சொன்னார்களா, அது கூட்டத்துக்குக் கேட்டதா? கேட்கவில்லை என்றால் போலீஸ் செய்தது குற்றம், நர்சுகளுக்கு வேலை திரும்பக் கிடைக்கும். கேட்டும் எழுந்திருக்கவில்லை என்றால் குற்றம் அவர்களுடையது.

பதினான்கு பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள். மைக் பழுது, எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. சத்தியமான வார்த்தை. அவர்களுக்குத் தெரிந்த சத்தியம்.

அவர்களுக்காக வாதாடிய பெண் வக்கீல் ஹலோவைக் கடையில் வந்து பார்த்தாள். "வேற ஒண்ணும் வேணாங்க. அன்னைக்கு மைக் பழுதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும்" என்றாள். ஹலோ தலையாட்டினார். இரண்டு நாள் கழித்து இன்ஸ்பெக்டரும் கடைக்கு வந்தார். தலையணை உறையைத் தூக்கி ஆம்ப்ளிபயரைப் பார்த்தார். "கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லு ஹலோ. அதிகமாப் பேசி நீயும் கேஸ்ல வந்து நிக்காத. அப்புறம் இந்தச் செட்டெல்லாம் ஸ்டேஷன் மூலையிலதான் கெடக்கும்" என்றார். ஹலோ அதற்கும் தலையாட்டினார். ஆட்டுவதற்கு அவரிடம் ஒரு தலைதானே இருந்தது.

தங்கையிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. வாரம் ஒரு தடவை பழம் வாங்கிக்கொண்டு போவார். அவள் இடது கையால் கதவைத் திறப்பாள். "எதுக்குண்ணே இவ்வளவு?" என்பாள். "சாப்பிடும்மா" என்பார். 

கமிஷன் நடந்தது பழைய பதிவு அலுவலகத்தின் மாடியில். நீளமான மேஜை, நடுவில் ஓய்வு பெற்ற நீதிபதி, ஓரத்தில் கண்ணாடி போட்ட தட்டச்சுப் பெண். இரண்டாவது வரிசையில் தங்கை, வலது கையை மடியில் வைத்து இடது கையால் மூடிக்கொண்டு. கதவோரம் இன்ஸ்பெக்டர். ஹலோ சாட்சிக் கூண்டில் ஏறும்போது, பழுது என்று சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் ஏறினார். அதை நான் மறைக்கக் கூடாது. வழியெல்லாம் அதைத்தான் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அரசு வக்கீல் எழுந்தார். வயதானவர், பேத்தியிடம் பேசுவது போலப் பேசுகிறவர்.

"எத்தனை வருஷமா இந்தத் தொழில்?"

"இருபத்தாறு வருஷங்க."

"அடேயப்பா. செட்டும் அந்தக் காலத்துதானோ?"

"இல்லீங்க. போன வருஷம்தான் புதுசா மாத்தினேன்."

"அப்படியா? எனக்கு வேற மாதிரில்ல சொன்னாங்க. ஓட்டைச் செட்டுன்னு. அமைச்சர் கூட்டத்துல நாய் மாதிரி ஊளையிட்டது உங்களுதுதானாமே?"

அறையில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். தட்டச்சுப் பெண்கூட உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஹலோவின் காது சிவந்தது.

"யாருங்க சொன்னது? அது என் செட்டே இல்லீங்க! நான் அன்னைக்கு ஊர்லயே இல்ல."

"சரி, சரி. கோவப்படாதீங்க. பாவம், பொழப்பு. அடிக்கடி பழுதாகற செட்டு, அன்னைக்கும் பழுதாயிருக்கும். இருந்துட்டுப் போவுது."

அவர் உட்காரப் போவது போல நாற்காலியைத் தொட்டார். விட்டிருந்தால் தீர்ந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் பதினான்கு குடும்பம் பிழைத்தது. ஆனால் இருபத்தாறு வருஷமாகப் போலீஸுக்கு வாயைத் திறக்காத, கட்சிக்காரனுக்கு வாயைத் திறக்காத மனிதருக்கு அங்கேதானா ரோஷம் வர வேண்டும்?

"என் செட்டுல பழுதா? இருபத்தாறு வருஷத்துல ஒரு தடவ, ஒரே ஒரு தடவ பழுதுன்னு எவனாவது வந்து சொல்லச் சொல்லுங்க பாப்போம்!"

வக்கீல் திரும்பினார். "அப்போ அன்னைக்கும் பழுது இல்ல?"

"இல்லவே இல்ல."

"நல்லாக் கேட்டிருக்கும்?"

"கடைசி வரிசையில இருக்கறவனுக்குக் கொசு பறந்தாக்கூடக் கேக்கும்யா!"

தட்டச்சுப் பெண்ணின் விரல்கள் படபடவென்று ஓடி நின்றன. அந்தச் சத்தம் நின்றபோதுதான் ஹலோவுக்குத் தான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. இரண்டாவது வரிசையைப் பார்த்தார். தங்கை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபம் இல்லை, ஒன்றும் புரியாத முகம். அரசு வக்கீல் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"அய்யா, ஆனா அந்தக் குழாய்..." என்று ஹலோ தொடங்கினார்.

"கேட்டதுக்குப் பதில் சொல்லியாச்சு" என்றார் நீதிபதி.

பெண் வக்கீல் துள்ளி எழுந்தாள். "ஒரு நிமிஷம் அய்யா" என்றவள் ஹலோவிடம் திரும்பினாள். "மைக் பழுதுன்னு எல்லாருகிட்டயும் சொன்னது உங்க தங்கச்சி. அவங்களுக்கு அதைச் சொன்னது நீங்கதான்னு சொல்றாங்க. அவங்க பொய் சொல்றாங்களா?"

"அவ பொய் சொல்ல மாட்டாளுங்க."

"அப்ப யார் சொன்னது பொய்?"

ஹலோ வாயைத் திறந்தார். கதவோரம் இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி, உள்ளே எதையோ பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹலோ வாயை மூடிக்கொண்டார். வக்கீல் இரண்டு தடவை கேட்டாள். மூன்றாம் தடவை கேட்கும் முன் நீதிபதி கடிகாரத்தைப் பார்த்து, "பதில் இல்லைன்னு எழுதிக்கம்மா" என்றார். தட்டச்சுப் பெண் எழுதிக்கொண்டாள்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை தன் வாயால் தங்கையைக் கெடுத்தது.

நான்கு மாதத்தில் அறிக்கை வந்தது. எச்சரிக்கை மூன்று முறை தரப்பட்டதை வீடியோ காட்டுகிறது, கம்பங்களில் இரண்டு குழாய்களும் அதில் தெளிவாகத் தெரிகின்றன. செவிலியர்களில் ஒருவரின் உடன்பிறந்த அண்ணனே, தன் கருவியில் பழுதே இல்லை, கடைசி வரிசை வரை கேட்டிருக்கும் என்று சாட்சி சொல்லியிருக்கிறார். எனவே கேட்கவில்லை என்று பதினான்கு பேரும் சொன்னது கூடிப் பேசிச் சொன்ன பொய். அப்படித்தான் எழுதியிருந்தது. பதினான்கு பேருக்கும் வேலை போனது. மூத்த நர்சு உள்ளேயே இருந்தாள். அதிகாரிக்குப் பதவி உயர்வு.

பதவி உயர்வுக்குப் போலீஸ் மைதானத்தில் பாராட்டு விழா வைத்தார்கள். செட்டுக்கு ஹலோவிடம்தான் ஆள் வந்தது. "கமிஷனே சான்று குடுத்த செட்டு, வேற யாருட்ட போறது?" என்று சிரித்தான் வந்தவன். மனைவி உள்ளிருந்து, "போகாதீங்க" என்றாள். ஒரே வார்த்தைதான். ஹலோ போனார். குழாய்களைக் கம்பத்தில் கட்டினார், மைக்கைத் துடைத்து வைத்தார். ஐந்தாவது நிமிஷம் கடைசி வரிசைக்குப் பின்னால் போய் நின்று கண்ணை மூடினார். சட்டம், பொறுமை, பொதுமக்களின் நண்பன் என்று அதிகாரி பேசியது அங்கே வரைக்கும் எழுத்து எழுத்தாகக் கேட்டது. ஹலோவால் கண்ணைத் திறக்கவே முடியவில்லை. விழா முடிந்து அதிகாரி அவர் தோளில் தட்டி, "உன் வாயாலதான்யா நாங்க பொழச்சோம்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஹலோவும் சிரித்தார்.

வண்டியில் செட்டை ஏற்றியவர் கடைக்குப் போகவில்லை. நேரே தங்கை வீட்டுக்குப் போனார். கதவு திறந்தே இருந்தது. சமையலறை மேஜையில் ஒரு ஸ்பாஞ்சைத் தட்டில் வைத்து, இடது கையால் ஊசி குத்திப் பழகிக்கொண்டிருந்தாள் அவள். தனியார் மருத்துவமனை ஒன்றில் இடது கையால் முடியுமா என்று கேட்டிருந்தார்களாம். ஊசி கோணலாகப் போனது. எடுத்து மறுபடி குத்தினாள்.

ஹலோ நின்றபடியே சொன்னார். இன்ஸ்பெக்டர் வந்தது, பர்மிஷன் கொடுத்தது யார் என்று கேட்டது, நிறுத்தச் சொன்னது, தன் கையாலேயே இரண்டு ஒயரையும் உருவியது, அவளிடம் பழுது என்று சொன்னது, மைக் வேலை செய்கிறதா என்று அதிகாரி கேட்டது, எல்லாம். சொல்லி முடிப்பதற்குள் வேர்த்துக் கொட்டிவிட்டது. அவள் ஊசியைத் தட்டில் வைத்தாள்.

"பழுதே இல்லயா?"

"இல்லம்மா."

தட்டை ஓரமாகத் தள்ளினாள். பிறகு நிமிர்ந்தாள்.

"கோர்ட்டுல அப்பீல் இருக்குண்ணே. வக்கீலம்மா நேத்துதான் சொன்னாங்க, புதுசா ஒரு சாட்சி கெடைச்சாக்கூடப் போதும்னு. இப்ப சொன்னத அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. பதினாலு பேருண்ணே. குடுக்கறியா?"

ஹலோ வாசலைப் பார்த்தார். வெளியே வண்டியில் செட் இருந்தது. மேலே போட்ட தார்ப்பாய் ஒரு பக்கம் விலகியிருந்தது.

"யோசிச்சு சொல்றேம்மா" என்றார்.

 எழுந்து போய், அவர் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து இடது கையால் நீட்டினாள். அவர் குடித்து முடிக்கும் வரை நின்றாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேண்ணே. இன்ஸ்பெக்டர் பர்மிஷன் யாரு குடுத்ததுன்னு கேட்டாரு, உள்ளதச் சொன்ன. அந்த ஆபீசர் மைக் வேலை செய்யுதான்னு கேட்டாரு, உள்ளதச் சொன்ன. கமிஷன்ல கேட்டாங்க, அங்கயும் உள்ளதத்தான் சொன்ன. எங்கிட்ட மட்டும் ஏண்ணே பொய் சொன்ன?"

ஹலோ டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். நிஜமாகவே யோசித்தார். இத்தனை மாசத்தில் அவர் அதை யோசித்ததே இல்லை. பதில் வந்தபோது அவருக்கே வெட்கமாக இருந்தது, ஆனாலும் சொன்னார்.

"உங்கிட்ட மட்டுந்தாம்மா எனக்குப் பயம் இல்ல."

அவள் டம்ளரை வாங்கிக்கொண்டாள். வாசல் வரை கூடவே வந்தாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, "வரட்டுமா?" என்று கேட்டார். போய்ட்டு வாண்ணே என்று எப்போதும் சொல்கிறவள், கதவில் கை வைத்தபடி நின்றாள்.

"போ" என்றாள்.